காலி செய்வதன் விலை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி தொடங்கினால் கணபதி ஹோமத்துக்கு அழைப்பிதழ் வரும். வாசலில் வாழைமரம் கட்டியிருக்கும். மூடும்போது யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பழைய மெஷின் வாங்கும் ஒருவருக்கு மட்டும் போன் போகும். அவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். பத்திருபது வருடம் ராத்திரி பகலாக ஓடிய கம்பெனி அந்த ஒரு தொகைக்குள் அடங்கிவிடும்.

அந்தத் தொகை எப்படி உருவாகிறது, அதில் எவை சேர்கின்றன, எவை விடுபடுகின்றன என்று வெகுநாளாக யோசித்துவருகிறேன். இடத்தைக் காலி செய்து கொடுப்பது சின்னத் தொழில். ஒரு குட்டியானை வண்டி, நாலு லோடுமேன்கள், ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை குடோன், இவை இருந்தால் ஆரம்பித்துவிடலாம். ஆனாலும் இந்த ஊர் பெரும் விலை கொடுத்துக் கற்ற ஒரு பாடம் இந்தச் சின்னத் தொழிலுக்குள் அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கம்பெனிகள் மூடுவதற்குக் காரணங்கள் பல. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அவற்றை நம்பியிருந்த நிட்டிங், தையல் யூனிட்களும் சேர்ந்து தள்ளாடின. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி, 2020-ல் ஊரடங்கு, 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி என்று அலை அலையாக அடி விழுந்திருக்கிறது. இவை போக, பங்காளிகள் பிரிவதும், அப்பா இறந்தபின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவதும், கட்டடக்காரர் இடத்தைக் கேட்பதும் எப்போதும் நடப்பவை. எதனால் மூடினாலும் மாதக் கடைசிக்குள் இடம் காலியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு மாத வாடகை ஏறும். விற்பவருக்கு அவசரம், அது வாங்குபவருக்கும் தெரியும். பேரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தத் தொழிலில் பழுத்த ஒருவர் ஒரு கம்பெனியைப் பார்வையிடுவதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் அவர் மெஷின்களைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பார்த்தார். கூரையோரம் ஓடும் கேபிள் எத்தனை மீட்டர் வரும், உள்ளே செம்பா அலுமினியமா என்று பேனல் போர்டைத் திறந்து பார்த்துக்கொண்டார். அடுத்து மாடிப்படிக்குப் போய் அகலத்தை ஜாண் போட்டு அளந்தார். கட்டிங் டேபிளை முழுசாக இறக்கலாமா, கழற்றித்தான் இறக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. அதன்பிறகுதான் தையல் வரிசைக்கு வந்தார். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கிள் நீடில் என்று ஒவ்வொன்றின் சக்கரத்தையும் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். எங்கே பிடிக்கிறது, எங்கே உதறுகிறது என்பதை உள்ளங்கையே சொல்லிவிடும்போல. பிறகு குனிந்து மோட்டாரைப் பார்த்தார். சர்வோ மோட்டார் என்றால் மெஷினாகவே விற்கலாம். பழைய கிளட்ச் மோட்டார் என்றால் வாங்க ஆள் குறைவு. பல சமயம் உள்ளே இருக்கும் செம்புக்காகத்தான் போகும்.

மூலையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அயல்நாட்டுக் கம்பெனியின் பெயர் போட்ட லேபிள்கள், விலை அட்டைகள், பாலிதீன் பைகள். புதுசாகவே இருந்தாலும் அந்தக் கம்பெனியைத் தவிர வேறு யாருக்கும் அவை உதவாது. பெட்டிகளின்மேல் ஒரு நீள நோட்டு கிடந்தது; உடைந்த ஊசி நோட்டு. ஏற்றுமதிக் கம்பெனிகளில் தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, தேதியும் மெஷின் எண்ணும் எழுதி, செலோ டேப் போட்டு ஒட்டிவைக்க வேண்டும். துண்டு கிடைக்காவிட்டால் அங்கே தைத்த துணியைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். எங்கோ ஒரு குழந்தை போடப்போகும் சட்டையில் ஊசிமுனை போய்விடக் கூடாது என்பதற்காக இவ்வளவு கவனம். பக்கம் பக்கமாகத் துருப்பிடித்த துண்டுகள். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பழைய பேப்பர் கட்டோடு சேர்த்து வைத்தார்.

“ஒரு வெலை சொல்லுங்க” என்றார் கம்பெனிக்காரர்.

“நீங்க மனசுல என்ன வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்ணா.”

“மெஷின் வாங்குன பில்லெல்லாம் இருக்குதுங்க.”

“பில்லைப் பாத்தா ரெண்டு பேரும் வருத்தந்தாங்ணா படோணும். இன்னைக்கு என்ன போகுதோ அதைத்தான நான் சொல்ல முடியும்.”

“நாளைக்கு இன்னும் ரெண்டு பேரு வர்றாங்க. அவுங்களும் பாத்துரட்டும்.”

உடைந்த ஊசித் துண்டுக்குக்கூடக் கணக்கு வைத்த இடம், விற்கப்படும்போது குத்துமதிப்பாகத்தான் போகிறது. என்னை உறுத்துவது இதுதான். ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை போடும்போது நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, காம்பாக்டிங், கட்டிங்கில் போகும் சேதாரம், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், அட்டைப்பெட்டி வரை பைசா சுத்தமாக எழுதத் தெரிந்த ஊர் இது. அந்தக் காஸ்டிங் ஷீட்டை எழுதிய அதே கையால், காலி செய்யும் வேலைக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை.

இங்கே பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டைக் காலி செய்ய ஆள் கூப்பிட்டால் வீட்டுக்காரர்தான் பணம் தர வேண்டும். லாரியில் கால்வாசி நிரம்பினால் இவ்வளவு, அரைவாசிக்கு இவ்வளவு என்று கொள்ளளவுக்கு விலை. ஜப்பானில் இறந்தவர்களின் உடைமைகளைப் பிரித்து, குடும்பத்துக்குத் தர வேண்டியதைத் தந்து, மிச்சத்தை அப்புறப்படுத்துவது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அங்கும் குடும்பம்தான் கட்டணம் செலுத்துகிறது. நம் ஊரில் எடுத்துப் போகிறவர்தான் பணம் கொடுக்கிறார். பழைய வீட்டை இடிக்கும் காண்ட்ராக்டர்கூட மரத்துக்கும் கம்பிக்கும் விலை வைத்துத்தான் பேசுகிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதற்குக் காரணம், செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டபோது பர்மாத் தேக்குத் தூணுக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் பீங்கான் சாடிக்கும் வாங்க ஆள் இருந்ததுதான். எதற்கும் இரண்டாவது ஆயுள் உண்டு என்ற நம்பிக்கை நம் வாழ்க்கையில் ஊறியது. நல்ல நம்பிக்கைதான். ஆனால் விற்க முடியாத பொருளுக்கும், அதைச் சுமக்கும் உழைப்புக்கும் இந்த விலையில் இடம் இல்லாமல் போவதற்கும் அதே நம்பிக்கைதான் காரணம். வாங்குகிறவர் பணம் தருகிறாரே என்று பார்க்கும்போது, அவருக்கு என்ன செலவாகும் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்தச் செலவை ஒருமுறையாவது எழுதிப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. சந்தை நிலவரம் இல்லை. இரண்டாவது மாடியில் ஒரு சின்ன யூனிட். அதிலுள்ள மெஷின், மோட்டார், கேபிள், மேசை, ரேக் எல்லாவற்றையும் பிரித்து விற்றால் 2,00,000 ரூபாய் கிடைக்கும் என்று வாங்குபவர் கணிக்கிறார். இறக்கி ஏற்ற 8 பேர், 2 நாள், ஆளுக்கு 1,000 என்றால் 16,000. வண்டி 7 நடை, நடைக்கு 2,000 என்றால் 14,000. கழற்றும் ஃபிட்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் 6,000. இந்த 36,000 எல்லோரும் போடும் கணக்கு.

எல்லோரும் போடாத கணக்கு இனிமேல்தான் வருகிறது. மெஷின்கள் ஒரே நாளில் விற்றுவிடாது. மூன்று மாத குடோன் வாடகை 12,000. போட்ட முதல் 1,00,000 என்றால் நூற்றுக்கு இரண்டு வட்டியில் மூன்று மாதத்துக்கு 6,000. யாரும் வாங்காத சாமானை முறையாக அப்புறப்படுத்த 5,000. ஓடும் என்று நினைத்த மெஷின் ஓடாமல் போவது, செம்பு என்று நினைத்தது அலுமினியமாக இருப்பது, இப்படித் தப்பும் கணக்குக்காக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20,000. இவை சேர்ந்து 43,000. ஆக மொத்தச் செலவு 79,000. தன் உழைப்புக்கும் லாபத்துக்கும் 21,000 வைத்தால் அவர் கம்பெனிக்காரருக்குச் சொல்லக்கூடிய விலை 1,00,000. இதில் வரி வேறு சேரவில்லை. உலோகக் கழிவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் பதிவு பெற்ற வியாபாரி வாங்கினால் வரி கட்டும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது.

மறுநாள் வரும் “ரெண்டு பேரில்” ஒருவர் அந்த 43,000-த்தை எண்ணவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதே லாபம் வேண்டும் என்று அவரும் நினைக்கிறார். அவரால் தயங்காமல் 1,43,000 சொல்ல முடியும். கம்பெனிக்காரர் யாருக்குக் கொடுப்பார்? சந்தேகமே வேண்டாம். ஒழுங்காகக் கணக்குப் போட்டவர் ‘அடிமாட்டு விலைக்குக் கேட்டவர்’ என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்புவார்.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1971-ல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு என்ற எண்ணெய்க் கம்பெனியின் பொறியாளர்கள் மூவர், கேப்பன், கிளாப், கேம்ப்பெல், ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்த கம்பெனிகளுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்பது அவர்கள் கேள்வி. கடலுக்கு அடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒவ்வொருவரும் ஒரு கணிப்பு வைத்திருப்பார்கள். சிலது கூட இருக்கும், சிலது குறைய இருக்கும். ஏலம் யாருக்கு விழுகிறது? எல்லோரையும்விட அதிகமாகக் கணித்தவருக்கு. அதாவது, வெற்றி பெற்றவர் பெரும்பாலும் கணக்கில் அதிகம் தவறியவராகவே இருக்கிறார். பொருளாதாரத்தில் வென்றவரின் சாபம் என்று பிறகு பெயர் பெற்றது இதுதான். அவர்கள் சொன்ன அறிவுரை இன்னும் முக்கியமானது: போட்டிக்கு வருகிறவர்கள் கூடக்கூட நீ கேட்கும் விலையைக் குறைத்துக்கொள். நம் மனம் நேர்மாறாகத்தான் வேலை செய்கிறது. இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள் என்றதும் கையிலிருக்கும் தொகையை ஏற்றத்தான் தோன்றும்.

கொங்கு மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு என்ன தொகை என்று தெரியாது. காலி செய்யும் வேலையிலும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தனித்தனியாகத்தான் விலை சொல்கிறார்கள். முதலில் வந்தவர் ஒன்றரை சொன்னார் என்று கம்பெனிக்காரர் சொன்னால் அது உண்மையா என்று பார்க்க வழியில்லை. அந்த இருட்டில் பயம்தான் விலையை ஏற்றுகிறது.

வங்கி ஏலம் வெளிச்சத்தில் நடப்பது. ஆனால் ஆபத்து குறைவில்லை. கடன் திரும்பாத யூனிட்டை 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் வங்கி எடுத்து ஏலம் விடும்போது, சொத்து உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் விற்கப்படும் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுவார்கள். அசையாச் சொத்து என்றால் ஏலம் விழுந்ததும் கால் பங்கும், விற்பனை உறுதியான பதினைந்து நாளில் மிச்சமும் கட்ட வேண்டும். நீட்டிப்பு கிடைத்தாலும் அதற்கும் எல்லை உண்டு. கட்ட முடியாமல் போனால் கால் பங்கு போனதுதான். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ஒரு வழக்கில், அப்படிப் பறிமுதல் செய்வது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதிப் பார்க்காமல் கை தூக்குவதற்குச் சட்டம் இரக்கம் காட்டாது.

இப்போது 1,43,000 சொல்லி வேலையை எடுத்தவரிடம் வருவோம். அவர் எண்ணாமல் விட்ட 43,000 எங்கேயும் மறைந்துவிடவில்லை. குடோன் வாடகை வந்தே தீரும்; வட்டி ஏறியே தீரும். அதை யாராவது கொடுத்தாக வேண்டும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. நெருக்கடி வந்ததும் தன் கைக்கு எட்டும் இடங்களில் குறைக்கப் பார்ப்பார். அப்படி எட்டும் இடங்கள் மூன்று.

முதலாவது, கம்பெனிக்காரரே. பாதி சாமான் இறங்கியபின், “அண்ணா, இந்த மெஷின் ஓடவே இல்லீங்களே, இருபது குறைச்சுக்குங்க” என்று நிற்பது. கம்பெனி பாதி பிரிந்து கிடக்கும்போது வேறு ஆளைத் தேட முடியாது. முதலில் சொன்ன பெரிய தொகை பெயருக்குத்தான். கைக்கு வருவது வேறு.

இரண்டாவது, லோடுமேன். எட்டுப் பேர் வேலையை ஐந்து பேர் செய்வார்கள். ஜெனரேட்டரையும் பாய்லரையும் மாடிப்படியில் கயிறு கட்டி இறக்கும்போது கீழ்ப்படியில் நின்று தோள் கொடுப்பவருக்குத்தான் முழுப் பாரமும். கயிறு வழுக்கினால் அவருக்கு ஒதுங்க இடம் இருக்காது. கையுறை, நல்ல கயிறு, உருளை, இன்னும் மூன்று ஆட்கள் எல்லாம் விலையில் சேராததால் மாடிப்படிக்கும் வந்து சேரவில்லை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982-லேயே தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. நலவாரியம் இருக்கிறது, சுமைதூக்குபவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். தன்னிடம் வரும் ஆட்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. அதைக்கூடக் கேட்கும் பொறுமை, நஷ்டத்தில் எடுத்த வேலையில் இருப்பதில்லை.

மூன்றாவது, ஊர். எல்லாம் விற்றுப்போனபின் மிச்சம் ஒரு குவியல் கிடக்கும்: ரெக்ஸின் கிழிந்த நாற்காலி, தெர்மாகோல், ஊறிப்போன பார்ட்டிகிள் போர்டு, எண்ணெயில் தோய்ந்த வேஸ்ட் துணி, பெயர் போட்ட லேபிள்கள், டியூப்லைட், பாதி காலியான கெமிக்கல் கேன். காயலான் கடையும் இதைத் தொடாது. ராத்திரி பத்து மணிக்குமேல் ஒரு நடை அடித்தால் தீர்ந்தது. பல்லடம் பக்கமோ அவிநாசி பக்கமோ பாறைக்குழிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. மாநகராட்சியே ஊர்க் குப்பையைக் கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டியதையும், சுற்றுக் கிராமத்து மக்கள் வண்டிகளை மறித்துப் போராடியதையும் சமீப ஆண்டுகளில் பார்த்தோம். மழை பெய்தால் அந்தக் குழிக்குள் ஊறி இறங்குவது பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குத்தான் போகும். 5,000 ரூபாயை ஒருவர் எழுதாமல் விட்டதற்கு, பெயர் தெரியாத ஒரு விவசாயி தன் கிணற்றால் ஈடு கட்டுகிறார்.

திருப்பூர் இதற்கு முன்னால் பார்க்காத கதையா இது? சாயப்பட்டறைகள் போட்டி போட்டுக்கொண்டு கிலோவுக்குக் கூலியைக் குறைத்த காலம் உண்டு. அந்தக் கூலியில் சாயமும் உப்பும் விறகும் ஆள் சம்பளமும் இருந்தன. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவு இல்லை. அந்தக் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் ஓடியது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. தண்ணீர் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய உழவர்கள், திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் பணம் கட்டச் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆறு மாறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று வந்த உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியில் மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள்.

இன்று இங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் ஓடுகின்றன. தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் செலவு சாயக் கூலியில் ஒரு வரியாக ஏறிவிட்டது. அந்த வரியைச் சேர்த்தால் தொழில் அழிந்துவிடும் என்று அன்று பயந்தார்கள். தொழில் அழியவில்லை. அந்த வரியைச் சேர்க்காமல் விட்ட வருடங்களில் அழிந்தவைதான் திரும்பவில்லை: ஒரு ஆறு, அதன் கரை விவசாயம், சம்பளத்தை நம்பியிருந்த குடும்பங்களின் நிம்மதி. சாயப்பட்டறையும் காலி செய்யும் தொழிலும் அளவில் மலையும் மடுவும். கணக்கு ஒன்றேதான். கழிவு போகும் இடத்தை விலையில் எழுதாதவன் குறைந்த செலவில் வேலை முடிப்பதாகத் தெரியும். அவன் முடிக்கவில்லை, வேறொருவர் வாசலுக்கு நகர்த்தியிருக்கிறான்.

இதற்கு மறுபக்கமும் இதே ஊரில் இருக்கிறது. அதுதான் எனக்கு நம்பிக்கை தருவது. கட்டிங் மேசையில் விழும் துண்டுத் துணி ஒரு காலத்தில் தொல்லையாக இருந்திருக்கும். இன்று அதற்குக் கிலோ விலை இருக்கிறது. வேஸ்ட் குடோன்களில் பெண்கள் குவியலின் நடுவே உட்கார்ந்து வெள்ளை, கறுப்பு, கலர் என்று பிரிக்கிறார்கள். கொஞ்சம் பட்டறைகளுக்கும் ஒர்க்‌ஷாப்களுக்கும் துடைக்கும் துணியாகப் போகிறது. மிச்சத்தை அரைத்துப் பஞ்சாக்கி ஓப்பன் எண்ட் மில்கள் மறுபடி நூலாக்குகின்றன. நிறம் பிரித்த துணியிலிருந்து வரும் நூலுக்குப் புதிதாகச் சாயம் ஏற்றவும் வேண்டாம். ஏற்றுமதியில் கழிந்த சரக்கு காதர்பேட்டைக் கடைகளில் ஸ்டாக் லாட்டாக விற்கிறது. யாரோ உட்கார்ந்து பிரித்ததால்தான் குப்பைக்கு விலை வந்தது. பிரிக்கும் உழைப்புக்கு விலையில் இடம் இருந்தால் குவியல் சின்னதாகும். காலி செய்யும் தொழிலும் இந்த வழியில் போகலாம். ஒரு நாள் கூடுதலாக உட்கார்ந்து பிரித்தால், பாறைக்குழிக்குப் போகவிருந்த குவியலில் பாதி வேறு கைகளுக்குப் போகும்.

வீடுகளுக்கு வரும்போது இன்னொரு சுமையும் சேர்ந்துகொள்கிறது. வெளிமாவட்டத்திலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள், வேலை நின்றால் கையில் தூக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். 2020 ஊரடங்கின்போது அப்படிப் பூட்டிக் கிடந்த அறைகள் ஏராளம். ஒரு பாய், ஒரு டேபிள் ஃபேன், இரண்டு அலுமினியச் சட்டி, சுவரில் ஒரு சாமி படம். வாங்குபவருக்கு இதில் ஒன்றுமில்லை. அது ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்தாக இருந்தது.

பெற்றோர் இறந்தபின் காலி செய்யும் வீடு வேறு மாதிரி. பரணில் அண்டாவும் குத்துவிளக்கும் டிரங்குப் பெட்டியும் இருக்கும். பித்தளைக்குக் கிலோ விலை சொல்லி எடுத்துப்போனால், சீர்வரிசையாக வந்த குடம் காயலான் கடைத் தராசில் ஏறும். பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன அனுப்பர்பாளையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஈயம் பூசி, நெளிவெடுத்துத் திரும்பப் புழங்கலாம். அதைச் சொல்ல ஒருவருக்கு வாய் வர வேண்டும். பிள்ளைகள் பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் இரண்டு நாள் லீவில் வந்திருப்பார்கள். “மொத்தமா ஒரு வெலை போட்டு எடுத்துக்குங்க” என்பார்கள். அந்த அவசரத்தைத் தன் லாபமாக்காமல், “ஒரு நாள் உக்காந்து பாத்துருங்க, எது வேணும்னு எடுத்து வெச்சுருங்க, நான் நாளன்னைக்கு வர்றேன்” என்று சொல்லும் வியாபாரியை எனக்குத் தெரியும். அந்த ஒரு நாளும் அவருக்குச் செலவுதான். அவர் அதைத் தன் விலையில் எழுதிவிடுகிறார். அதனால்தான் அவரால் அப்படிச் சொல்ல முடிகிறது.

விலை சொல்வதில் நேர்மை என்று நான் நினைப்பது இதைத்தான். நேரில் போய் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்க்க வேண்டும். பரணையும் மொட்டை மாடியையும் விடக் கூடாது. விற்பது, யாருக்காவது கொடுப்பது, கொட்டுவது என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். எத்தனை ஆள், எத்தனை மாடி, எத்தனை நடை, எவ்வளவு நாள் முதல் முடங்கும் என்று எழுத வேண்டும். அந்தக் காகிதத்தை வீட்டுக்காரர் முன்னால் விரிக்க வேண்டும். ‘இவ்வளவு தருகிறேன்’ என்று ஒரு தொகையை மட்டும் சொல்லும்போது பெரிய தொகைதான் ஜெயிக்கும். கணக்கை விரித்துவிட்டால், எதிராளி எதை விட்டிருக்கிறார் என்று வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும். சில வேலைகளில் விற்பனைத் தொகையைவிடச் செலவு அதிகமாக வரும். அப்போது, “இதுக்கு நீங்கதான் எனக்குத் தரோணுங்க” என்று சொல்லும் தைரியமும் வேண்டும். நம் ஊரில் அதைச் சொல்வது கஷ்டம். ஆனால் கழிவுநீருக்குக் காசு கட்டப் பழகிய ஊருக்கு இதுவும் பழகும். மாநகராட்சியும் தன் பங்குக்கு, பெரிய கழிவைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பெற ஓர் இடத்தை ஒதுக்க வேண்டும். போக இடமே இல்லாத குப்பைக்கு நேர்மையாக விலை போடுவது எப்படி?

இடத்தைக் காலி செய்யக் கொடுப்பவருக்கும் இதில் கடமை உண்டு. மூன்று பேர் வந்து மூன்று விலை சொன்னால், யார் அதிகம் சொன்னார் என்று பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கலாம். யாரும் வாங்காத சாமானை எங்கே கொண்டுபோவீர்கள்? இறக்குகிறவர்கள் எத்தனை பேர், என்ன கூலி? இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரின் தொகை மற்ற இருவருடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவரிடம்தான் சாவியைக் கொடுக்க வேண்டும்.